விலங்குச் சண்டைக்குத் தண்டனையைக் கடுமையாக்குதல்: ஓர் எளிய விளக்கம்

சேவல்களின் காலில் கத்தி கட்டி மோதவிட்டார்கள், நாய்களை ஒரே அடைப்பில் விட்டுக் கடித்துக்கொள்ளச் செய்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. "பிடித்துப் பத்தாண்டு உள்ளே தள்ள வேண்டும்" என்கிறது ஒன்று. "சட்டம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு" என்கிறது மற்றொன்று. எதிரெதிரானவை போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே தவறான புரிதலிலிருந்துதான் பிறக்கின்றன. தண்டனை என்பது சட்டப் புத்தகத்தில் அச்சிடப்பட்ட ஓர் எண் என்றும், அந்த எண்ணைக் கூட்டுவதுதான் கடுமையாக்குதல் என்றும் இருவருமே நம்புகிறார்கள். ஒருவர் எண் போதாது என்கிறார். மற்றவர் ஏதோ ஓர் எண் இருந்தால் போதும் என்கிறார்.

உண்மையில் தண்டனை பல உறுப்புகள் சேர்ந்து இயங்கும் ஓர் அமைப்பு. எது குற்றம், யாரெல்லாம் அதற்குப் பொறுப்பு, காவல்துறை எப்போது உள்ளே நுழையலாம், வழக்கு எத்தனை நாளுக்குள் தொடரப்பட வேண்டும், பிடிபட்ட விலங்கு எங்கே போகும், குற்றவாளி நாளையே இன்னொரு விலங்கை வாங்கலாமா என்ற கேள்விகள் எல்லாம் அதன் உறுப்புகள். இவற்றில் ஒன்று பழுதாக இருந்தாலும் சிறை ஆண்டுகளைக் கூட்டுவதால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. அந்த உறுப்புகளை, சட்டம் படிக்காதவருக்கும் விளங்கும்படி, ஒவ்வொன்றாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது விலங்குச் சண்டை

"விலங்குகள் இயற்கையாகவே சண்டையிடுபவைதானே" என்பது அடிக்கடி முன்வைக்கப்படும் வாதம். சேவல்கள் மோதிக்கொள்வதும் நாய்கள் உறுமிக் கடிப்பதும் உண்மையே. ஆனால் தானாக நடக்கும் சண்டையில் தோற்கும் விலங்குக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. அது தாழ்ந்துகொடுத்தோ ஓடியோ தப்பிக்கும், வென்ற விலங்கும் பெரும்பாலும் அத்துடன் விட்டுவிடும். மனிதர் நடத்தும் சண்டையில் அந்த வழி அடைக்கப்படுகிறது. அடைப்பு கட்டப்படுகிறது, வெறி மிகுந்த விலங்குகள் தேர்ந்து இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன, இயற்கை தராத ஆயுதம் காலில் கட்டப்படுகிறது, பின்வாங்கிய விலங்கு மீண்டும் முன்னே தள்ளப்படுகிறது. சட்டம் தண்டிப்பது விலங்கின் இயல்பை அன்று. தப்பிக்கும் வழியை வேண்டுமென்றே மூடிய மனிதரின் செயலைத்தான் அது தண்டிக்கிறது.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இதைத் தெளிவாக வரையறுக்கிறது. மோதவோ, மற்போர் புரியவோ, சீண்டி வதைக்கப்படவோ என்ற நோக்கத்துடன், பாதுகாக்கப்பட்ட (அதாவது மனிதர் வளர்க்கும் அல்லது மனிதரின் கட்டுப்பாட்டில் உள்ள) ஒரு விலங்கை இன்னொரு விலங்குடனோ மனிதருடனோ சேர்த்துவிடும் நிகழ்வே விலங்குச் சண்டை என்பது அதன் பொருள். இதில் கவனிக்க வேண்டிய சொல் "நோக்கம்". தெருவில் இரண்டு நாய்கள் கடித்துக்கொண்டால் அது குற்றமாகாது. அவற்றை ஒருவர் அந்த நோக்கத்துடன் சேர்த்துவிட்டால் குற்றம்.

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் பிரிவு 11இல் இதை இரண்டாகப் பிரித்துச் சொல்கிறது. வெறும் கேளிக்கைக்காக ஒரு விலங்கை இன்னொன்றுடன் சண்டையிடத் தூண்டுவது ஒன்று. சண்டைக்கான இடத்தை ஏற்பாடு செய்வது, நடத்துவது, அதற்கு இடம் தருவது, உள்ளே விடக் காசு வாங்குவது ஆகியவை மற்றொன்று. இந்தப் பிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

அபராதம் கட்டணமாக மாறும்போது

வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் விதிக்கப்படும் அபராதம், பக்கத்திலுள்ள கட்டண நிறுத்தத்தில் வாங்கும் தொகையைவிடக் குறைவாக இருந்தால் என்ன நடக்கும்? தடை செய்யப்பட்ட இடமே மலிவான நிறுத்தமாகிவிடும். அபராதம் கட்டுபவர் தாம் தண்டிக்கப்பட்டதாக நினைப்பதில்லை. ஒரு சேவைக்கு விலை கொடுத்ததாகவே நினைக்கிறார். கிடைக்கும் ஆதாயத்தைவிட அபராதம் சிறியதாக இருக்கும் எந்த இடத்திலும், அது தண்டனை என்ற தன்மையை இழந்து கட்டணமாகிவிடுகிறது.

மேலே சொன்ன இந்தியச் சட்டத்தைப் பாருங்கள். பிரிவு 11இன்கீழ் முதல் குற்றத்துக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், கூடிப்போனால் 50 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்குள் அதே குற்றத்தை மீண்டும் செய்தால் அபராதம் 25 முதல் 100 ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அச்சுப்பிழை அன்று; 1960இல் எழுதப்பட்ட தொகை அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு 50 ரூபாய் ஒரு குடும்பத்துக்கு வலிக்கக்கூடிய தொகையாக இருந்தது. விலைவாசி ஏறியது, சட்டத்தின் எண் ஏறவில்லை. அபராதத்தைக் குறிப்பிட்ட தொகையாக எழுதி, அதைக் காலத்துக்கேற்பத் திருத்தும் வழியை வைக்காத எந்த நாட்டுச் சட்டத்துக்கும் இந்தக் கதி நேரும். ஒருவர்கூட வாக்களிக்காமலே, ஆண்டுக்கு ஆண்டு தண்டனை தானாகத் தளர்ந்துகொண்டே போகிறது.

இந்தக் குறையை நீதிமன்றமும் பதிவு செய்திருக்கிறது. இந்திய விலங்கு நல வாரியம் ஏ. நாகராஜாவுக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில் 2014 மே 7ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிரிவு 11ஐ மீறுவோருக்குப் போதிய தண்டனை கிடைக்கும்படி நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தும் என எதிர்பார்ப்பதாகக் கூறியது. அவ்வழக்கின் மையப் பொருள் காளைகள் பற்றியது. அது குறித்த சட்டநிலை பிறகு மாறியது. தண்டனை போதாது என்று நீதிமன்றம் சுட்டியது வேறு விஷயம், அது இன்றும் பொருந்துகிறது. 2022இல் மத்திய அரசு ஒரு திருத்த வரைவைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது; கொடூரமான வதைக்கு மிகப் பெரிய அபராதமும் ஆண்டுக்கணக்கில் சிறையும் அதில் முன்மொழியப்பட்டன. வரைவு என்பது சட்டம் அன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் வரைவில் இருந்த எண்களைப் பலர் நடப்புச் சட்டமாகவே எடுத்துச் சொல்கிறார்கள்.

சுருக்கமாக, "சட்டம் இருக்கிறது" என்பதும் "தண்டனை இருக்கிறது" என்பதும் ஒன்றல்ல. ஆதாயத்தைவிடச் சிறிய அபராதம் தடையாகச் செயல்படாது.

அச்சில் உள்ள ஆண்டும் கையில் கிடைக்கும் மாதமும்

"ஐந்தாண்டு சிறை" என்று ஒரு சட்டம் சொன்னால், பிடிபட்டவர் ஐந்தாண்டு உள்ளே இருப்பார் என்று பலரும் எண்ணுகிறார்கள். சட்டத்தில் பொதுவாகச் சொல்லப்படுவது உச்ச தண்டனை. ஒரு நீதிபதி அதற்கு மேல் போக முடியாது என்ற கூரைதான் அது. அந்தக் கூரைக்குக் கீழே எங்கே நிற்பது என்பதை வழக்கின் தன்மை, குற்றவாளியின் முன்வரலாறு, குற்றத்தை ஒப்புக்கொண்டாரா என்பது போன்றவை தீர்மானிக்கின்றன. தேர்வில் முழு மதிப்பெண் நூறு என்பதால் எல்லாரும் நூறு வாங்குவதில்லை. ஆனால் முழு மதிப்பெண்ணே பத்து என்றால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பத்தைத் தாண்ட முடியாது. உச்ச தண்டனையும் அப்படித்தான்.

இங்கிலாந்தில் நடந்தது இதுவே. 1835லேயே சேவற்சண்டையையும் நாய்ச்சண்டையையும் எருதுகளைச் சீண்டி வதைக்கும் விளையாட்டையும் தடைசெய்த நாடு அது. ஆயினும் விலங்குச் சண்டைக்கும் மிகக் கொடிய வதைக்கும் அங்கே உச்ச தண்டனை நெடுங்காலம் ஆறு மாதமாகவே இருந்தது. குற்றத்தைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை தண்டனை குறைக்கப்படும் என்பது அந்நாட்டு நடைமுறை. ஆகவே எத்தனை நாய்களைச் சிதைத்திருந்தாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆறு மாதம் நான்கு மாதமாகும். அதிலும் அப்போதைய வழக்கப்படி பாதிக் காலம் முடிந்ததும் சிறையிலிருந்து விடுவிக்கப்படுவார். நீதிபதிக்கு எவ்வளவு சினம் இருந்தாலும் கூரை தாழ்வாக இருந்தது. 2021இல் இயற்றப்பட்ட தண்டனைத் திருத்தச் சட்டம் அந்த உச்சத்தை ஐந்தாண்டாக உயர்த்தி, அவ்வாண்டு ஜூன் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. எல்லாருக்கும் ஐந்தாண்டு கொடுப்பதற்காக அது வந்ததாக நினைப்பது தவறு. மிக மோசமான வழக்கையும் சாதாரண வழக்கையும் பிரித்துப் பார்க்க நீதிபதிக்கு இடம் கொடுத்தது என்பதே சரி.

கூரையை உயர்த்தினால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் அனுபவம் போதாது என்கிறது. அங்கே நாடு முழுமைக்குமான கூட்டாட்சிச் சட்டத்தில் விலங்குச் சண்டைக்கான உச்ச தண்டனை 2007இல் மூன்றாண்டாகவும், 2008இல் ஐந்தாண்டாகவும் உயர்ந்தது. ஆனால் அந்நாட்டு நீதிபதிகள் வழிகாட்டு நெறிகள் எனப்படும் ஓர் அட்டவணையைப் பார்த்துத்தான் தண்டனையை அளக்கிறார்கள்; எந்தக் குற்றத்துக்கு எந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் கையேடு அது. சட்டம் மாறிய பிறகும் அட்டவணையில் விலங்குச் சண்டையின் தொடக்க நிலை 10 என்றே இருந்தது. முன்குற்றம் இல்லாதவருக்கு அது 6 முதல் 12 மாதம் என்று பொருள்படும். 2016 நவம்பரில்தான் தொடக்க நிலை 16 ஆக்கப்பட்டது. அது 21 முதல் 27 மாதம். ஆக, கூரை உயர்ந்து எட்டாண்டுகள் கழித்தே தரை உயர்ந்தது. ஒரு நாட்டில் தண்டனை கூட்டப்பட்டது என்று படிக்கும்போது, கூரை மட்டும் உயர்ந்ததா, அளவுகோலும் உயர்ந்ததா என்று பார்ப்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

இங்கேயே இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிடலாம். புதிதாகக் கூட்டப்பட்ட தண்டனை, சட்டம் வருவதற்கு முன் செய்யப்பட்ட செயலுக்குப் பொருந்தாது. குற்றம் நடந்த நாளில் எந்தத் தண்டனை இருந்ததோ அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதை இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 20ஆவது உறுப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. பல நாடுகளிலும் இதே விதி உண்டு. ஆதலால் ஒரு கொடுமை வெளிப்பட்ட பிறகு சட்டத்தை மாற்றினால், அந்தக் கொடுமையைச் செய்தவருக்குப் பழைய தண்டனைதான்.

ஒரு நாடகமும் அதன் ஆட்களும்

ஒரு நாடகம் அரங்கேற நடிகர் மட்டும் போதாது. கூடம் தருபவர், சீட்டு விற்பவர், விளம்பரம் செய்பவர், ஒப்பனைப் பொருள் தருபவர் எல்லாரும் வேண்டும். எல்லாருக்கும் மேலாகப் பார்வையாளர் வேண்டும். பார்வையாளர் வராத நாடகம் அடுத்த வாரம் நடக்காது. விலங்குச் சண்டையும் இப்படிப் பலர் சேர்ந்து நடத்தும் நிகழ்வுதான். அதன் பணம் விலங்கிடமிருந்து வருவதில்லை. நுழைவுக் கட்டணத்திலிருந்தும் பந்தயத்திலிருந்தும் வருகிறது. விலங்கைப் பிடித்து மோதவிட்டவரை மட்டும் தண்டிக்கும் சட்டம், நாடகத்தில் ஒரு நடிகரைத் தூக்கிவிட்டு மற்ற எல்லாரையும் விட்டுவைப்பது போன்றது. அடுத்த வாரம் இன்னொரு நடிகர் வருவார்.

இதனால்தான் தண்டனையை வலுப்படுத்தும் சட்டங்கள் ஆண்டுகளைக் கூட்டுவதோடு பொறுப்பின் வட்டத்தையும் விரிவாக்குகின்றன. பிரிட்டனில் 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சேவற்சண்டைக்கென்றே செய்யப்பட்ட கருவியை அந்த நோக்கத்துடன் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 2006ஆம் ஆண்டுச் சட்டமோ சண்டையை விளம்பரப்படுத்துவது, பந்தயம் கட்டுவது, சண்டைக்காக விலங்கை வளர்ப்பது, பயிற்றுவது, இடம் வைத்திருப்பது, தக்க காரணமின்றி அங்கே நின்று பார்ப்பது என ஒவ்வொன்றையும் தனித்தனிக் குற்றமாக எண்ணுகிறது. அமெரிக்காவில் 2014 முதல், சண்டையைக் காண வருவதற்கு ஓராண்டு வரையும், 16 வயதுக்கு உட்பட்ட சிறாரை அழைத்து வருவதற்கு மூன்றாண்டு வரையும் கூட்டாட்சிச் சட்டப்படி சிறை உண்டு. சிறாரைக் கூட்டிவருவதற்குப் பார்ப்பதைவிட மும்மடங்கு தண்டனை வைத்தது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஓர் உயிர் துடிப்பதைக் கைதட்டிப் பார்க்க ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பது, விலங்குக்குச் செய்யும் கேட்டுக்கு மேல் அந்தக் குழந்தைக்கும் செய்யும் கேடு.

"நின்று பார்த்தவர் என்ன பாவம் செய்தார்" என்று கேட்பவர்கள் நடைமுறையை யோசிக்க வேண்டும். காவல்துறை உள்ளே நுழைந்த கணத்தில் விலங்கைப் பிடித்திருந்தவர் கையை விட்டுவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிடுவார். சில நொடிகளில் அங்கிருக்கும் அனைவரும் "வேடிக்கை பார்க்க வந்தவர்" ஆகிவிடுவார்கள். பார்ப்பது குற்றமில்லை என்றால், நடத்தியவர் யார் என்று மெய்ப்பிக்க முடியாத வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அதற்காக, நடத்துபவருக்கும் பார்ப்பவருக்கும் ஒரே தண்டனை வைப்பதும் நியாயமில்லை. பொறுப்புக்கேற்பப் படிப்படியாக வேறுபடும் தண்டனைதான் மக்கள் மதிக்கும் தண்டனை.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துச் சொன்னால், தண்டனைக்கு உயரமும் உண்டு, அகலமும் உண்டு. சிறை ஆண்டுகள் உயரம். யார் யார் பொறுப்பு என்பது அகலம்.

கதவைத் திறக்கும் அதிகாரம்

பொதுவெளியில் அதிகம் பேசப்படாத உறுப்பு இதுதான். அதனாலேயே இங்கே சற்று நிதானித்துப் பார்க்க விரும்புகிறேன். இந்தியக் குற்றவியல் நடைமுறையில் குற்றங்கள் இரு வகை. நீதிமன்ற ஆணைக்குக் காத்திராமல் காவல்துறை தானே வழக்குப் பதிந்து விசாரித்துக் கைது செய்யக்கூடியது பிடியாணை வேண்டாக் குற்றம். குற்றவியல் நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) அனுமதி பெற்றபின்னரே விசாரிக்க வேண்டியது பிடியாணை வேண்டும் குற்றம். வீட்டில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி உடனே கிளம்பலாமா, முதலில் ஓர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிவர வேண்டுமா என்பதற்கு நிகரான வேறுபாடு அது. விலங்குச் சண்டை ஒரு நாளுக்குள், பல நேரம் சில மணி நேரத்துக்குள் முடிந்துபோவது. அனுமதி வரும்போது களத்தில் இறகும் இரத்தமும்தான் மிஞ்சியிருக்கும், அவையும் கழுவப்பட்டிருக்கும்.

தொடக்கத்தில் நினைவில் வைக்கச் சொன்ன பிரிப்புக்கு இப்போது வருவோம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 31, சண்டைக்கு இடம் ஏற்பாடு செய்து நடத்துவதைப் பிடியாணை வேண்டாக் குற்றமாக வைத்திருக்கிறது. விலங்கைச் சண்டைக்குத் தூண்டுவது அந்தப் பட்டியலில் இல்லை. ஏற்பாட்டாளரைக் காவல்துறை நேரடியாகப் பிடிக்கலாம். ஆனால் ஏற்பாடு எதுவுமின்றித் திறந்தவெளியில் இரண்டு விலங்குகளை மோதவிட்டு நிற்பவர் மீது இந்தச் சட்டத்தின்கீழ் மட்டும் அதே வேகத்தில் நடவடிக்கை எடுக்க இயலாது. நடைமுறையில் காவலர்கள் சூதாட்டத் தடைச் சட்டம் போன்ற பிற சட்டங்களைத் துணைக்கு அழைக்கிறார்கள். அது குறையைச் சமாளிக்கும் வழிதான். சூதாட்ட வழக்கில் பணமும் பகடையும் முதன்மைப் பொருள்கள்; விலங்குக்கு நேர்ந்த துன்பம் அங்கே பக்கத்தில் கிடக்கும் ஒரு செய்தி.

அதே சட்டத்தின் பிரிவு 36, குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்கிறது. இதைக் காலவரம்பு என்பார்கள். அந்த நாள் கடந்தால் சான்று எவ்வளவு வலுவாக இருந்தாலும் வழக்கு நிற்காது. தற்செயலாகக் கிடைத்த ஒரு காணொளி நான்கு மாதத்துக்கு முன் எடுக்கப்பட்டது என்று தெரிந்தால், அதைக் கொண்டு இச்சட்டத்தின்கீழ் எதுவும் செய்ய முடியாது. அபராதத்தை 50 ரூபாயிலிருந்து 50,000 ரூபாயாக்கி, இந்த மூன்று மாதத்தைத் தொடாமல் விட்டால், பாதி வேலைதான் நடந்திருக்கும்.

கடுமையா, உறுதியா

18ஆம் நூற்றாண்டு முதலே குற்றவியல் சிந்தனையாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் ஒன்று உண்டு. தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட, அது கிடைத்தே தீருமா என்பதுதான் மனிதரைத் தடுக்கிறது. தண்டனைக்கு அஞ்சி ஒருவர் குற்றம் செய்யாமல் விலகுவதைத் தடுப்பு விளைவு என்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு சண்டை நடத்தினால் 1,00,000 ரூபாய் மிஞ்சுகிறது, இருபது முறை நடத்தினால் ஒரு முறை பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அபராதம் 50 ரூபாய் என்றால், 20 லட்சம் வரவுக்கு எதிரே 50 ரூபாய் செலவு. அபராதத்தை ஆயிரம் மடங்கு உயர்த்தி 50,000 ரூபாயாக்கினாலும், 20 லட்சத்துக்கு எதிரே 50,000 தான், அவர் நிறுத்தமாட்டார். இப்போது அபராதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு முறைக்கு ஒரு முறை பிடிபடுகிறார் என்று மாற்றுங்கள். பிடிபடும் ஒவ்வொரு முறையும் அன்றைய பணமும் பறிமுதலாகிறது என்றும் சேருங்கள். இருபது சண்டையில் பத்து நாளின் பணம் கையை விட்டுப் போகிறது. மிஞ்சிய 10 லட்சத்தில் 5 லட்சம் அபராதத்துக்குப் போகிறது. விலங்குகளையும் கருவிகளையும் வண்டியையும் சேர்த்துப் பறிமுதல் செய்தால் கணக்கு உதைக்கத் தொடங்கும். இரண்டாம் முறைக்குச் சிறை உண்டு என்றால் இருபது என்ற எண்ணே வராது. கடுமைக்கும் உறுதிக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஒன்றில்லாமல் மற்றது வேலை செய்வதில்லை என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது.

அளவுக்கு மீறிய கடுமைக்கு ஆபத்தும் உண்டு என்பதை, தண்டனையைக் கூட்ட வேண்டும் என்று விரும்பும் நானும் ஒப்புக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று சட்டம் கட்டாயப்படுத்துவது குறைந்தபட்ச தண்டனை எனப்படும். அது மிகையாக இருந்தால், வேடிக்கை பார்த்த ஓர் ஏழைத் தொழிலாளிக்கும் பெரும்பணம் புரட்டிய ஏற்பாட்டாளருக்கும் ஒரே அடி விழும். வழக்குப் பதிய வேண்டிய காவலரும் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதியும் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் உறுதியைத் தின்றுவிடும்.

எல்லைக்கு அப்பால் போகும் சண்டை

ஓர் இடத்தில் அணையை உயர்த்தினால் தண்ணீர் தாழ்ந்த பக்கம் தேடிப் போகும். அமெரிக்காவில் விலங்குச் சண்டைக்கு மாநிலங்கள் தனித்தனியே தண்டனை விதித்துவந்ததால், ஒரு மாநிலத்தில் தடை வந்ததும் பறவைகளை ஏற்றிக்கொண்டு தடையில்லாத மாநிலத்துக்குப் போவது எளிதாக இருந்தது. சேவற்சண்டையைத் தடைசெய்த கடைசி மாநிலம் லூசியானா. அங்கே தடை நடைமுறைக்கு வந்தது 2008 ஆகஸ்டில்தான். அதன் பிறகும் புவேர்ட்டோ ரிகோ, குவாம் போன்ற ஆட்சிப்பகுதிகள் எஞ்சியிருந்தன. 2018இல் இயற்றிய சட்டம் அவற்றையும் உள்ளடக்கி, 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டுக்குள் தண்டனை சமமாக இல்லாவிட்டால், மிகத் தளர்வான பகுதியின் தண்டனையே நாடு முழுமைக்குமான தண்டனையாகிவிடும்.

பிடிபட்ட விலங்கு எங்கே போகிறது

தண்டனை பற்றிய பேச்சு பெரும்பாலும் மனிதரோடு முடிந்துவிடுகிறது. ஆனால் வழக்கின் நடுவே ஓர் உயிர் காத்திருக்கிறது. சட்டத்தின் பார்வையில் அது வழக்குச் சொத்து. பறிமுதல் செய்த வண்டியைப் போலவும் கத்தியைப் போலவும் சான்றாக வைக்கப்பட வேண்டிய பொருள். வண்டிக்குத் தீனி வேண்டாம், காயத்துக்கு மருந்து வேண்டாம். விலங்குக்கு இரண்டும் வேண்டும், ஒவ்வொரு நாளும் வேண்டும்.

அந்தச் செலவை யார் ஏற்பது என்பது தண்டனையின் மிகக் கூர்மையான பகுதிகளில் ஒன்று. இந்தியாவில் 2017இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, வழக்கு நடக்கும்போது விலங்கைக் காப்பகம் ஒன்றில் வைக்க நடுவர் ஆணையிடலாம்; அதன் பராமரிப்புச் செலவுக்கு, குற்றம் சாட்டப்பட்டவரிடமே பிணைமுறி (பணம் தருவதாக உறுதியளிக்கும் பத்திரம்) எழுதி வாங்கலாம். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் விலங்கின் உரிமையை அவரிடமிருந்து நீக்க 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 29 இடம் தருகிறது. இனி எந்த விலங்கையும் வைத்திருக்கக் கூடாது என்ற வளர்ப்புத் தடையையும் அதே பிரிவின்கீழ் விதிக்கலாம். பல நாடுகளின் சட்டங்களிலும் இத்தகைய தடை உண்டு. சிறைக்கு அஞ்சாத ஒருவருக்கு, பல தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த விலங்குகள் ஒரே நாளில் கைவிட்டுப் போவதும் இனி வாங்க முடியாமற்போவதும் கடுமையான அடி. தொழிலை உண்மையிலேயே நிறுத்துவது அதுதான்.

2007இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக் மீது தொடரப்பட்ட வழக்கில் இவை அனைத்தையும் ஒரே இடத்தில் காணலாம். வர்ஜீனியாவில் அவருக்குச் சொந்தமான நிலத்தில் நாய்ச்சண்டைக்கான அமைப்பு கண்டுபிடிக்கப்பட்டபோது, தண்டனையை மூன்றாண்டாக உயர்த்திய சட்டம் இன்னும் கையெழுத்தாகவில்லை. செயல்கள் நடந்த காலத்தில் கூட்டாட்சிச் சட்டப்படி விலங்குச் சண்டை சிறு குற்றமாகவே இருந்தது. அதனால் மாநில எல்லை தாண்டிச் சட்டவிரோதத் தொழில் நடத்தக் கூட்டுச்சதி செய்தார் என்ற குற்றச்சாட்டின் துணையோடுதான் வழக்கு நின்றது. 23 மாதச் சிறை விதிக்கப்பட்டது. செய்திகளில் பெரிதாக வந்தது அந்த எண். அதே வழக்கில், கைப்பற்றப்பட்ட சுமார் 50 நாய்களின் பராமரிப்புக்காக ஏறத்தாழ 9,28,000 டாலரை அவர் ஒதுக்கித் தர வேண்டும் என்றும் முடிவானது. சண்டை நாய்கள் என்றால் சான்றுக்கு வைத்திருந்து பின்னர் கொன்றுவிடுவதுதான் அதுவரை பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. இந்த முறை நீதிமன்றம் ஒரு சட்டப் பேராசிரியரை அந்த நாய்களுக்குப் பாதுகாவலராக நியமித்தது. ஒவ்வொரு நாயும் தனித்தனியே சோதிக்கப்பட்டது. பெரும்பாலானவை காப்பகங்களுக்கும் வீடுகளுக்கும் சென்றன.